மீட்டரை மில்லிமீட்டராக்கும்போது பெருக்குவதா, வகுப்பதா?

கேள்வி (மலர்அம்மா):
மகள் ஐந்தாம் வகுப்பு. 1 மீட்டருக்கு 100 சென்டிமீட்டர், 1 சென்டிமீட்டருக்கு 10 மில்லிமீட்டர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் 3.4 மீட்டர் எத்தனை மில்லிமீட்டர் என்று கணக்குக் கொடுத்தால் பெருக்குவதா வகுப்பதா என்று விழிக்கிறாள், நேற்று 0.0034 என்று எழுதி வைத்திருந்தாள். விதியைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. வேறு எப்படிப் புரியவைப்பது?

பதில் (கணக்குப்பிரியன்):
அக்கா, விதியைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். அண்டாவை டம்ளரால் நிரப்பச் சொல்லுங்கள், அப்புறம் குடத்தால். டம்ளர் என்றால் நிறைய தடவை ஊற்ற வேண்டும், குடம் என்றால் சில தடவைதான். அளவும் அப்படித்தான், அலகு சின்னதானால் எண் பெரிதாகும். கணக்குப் போடும் முன்பே விடை கூடுமா குறையுமா என்று வாயால் சொல்ல வைத்தால் 3400 தானாக வரும். 3.4 மீட்டர் ஓர் அறையின் நீளம், 0.0034 மில்லிமீட்டர் கண்ணுக்கே தெரியாது. ஏ4 தாளையும் அளக்கவிடுங்கள்: அகலம் 210 மில்லிமீட்டர், அதாவது 21 சென்டிமீட்டர், அதாவது 0.21 மீட்டர்.

பதில் (ஓய்வுபெற்ற ஆசிரியை):
மேலே சொன்னது சரி. இன்னொரு குழப்பமும் உண்டு, நாம் கவனிப்பதில்லை. கிலோமீட்டரிலிருந்து மீட்டருக்கு 1000, அடுத்து 100, அடுத்து 10 என்று படிகள் ஒரே மாதிரி இல்லாததால் பிள்ளைகள் திணறுகிறார்கள். உண்மையில் எல்லாப் படியும் 10தான்: கிலோ, ஹெக்டோ, டெக்கா, மீட்டர், டெசி, சென்டி, மில்லி. நடுவில் உள்ளவற்றை நாம் புழங்குவதில்லை, அவ்வளவுதான். நிலத்துக்குச் சொல்லும் ஹெக்டேரில் மட்டும் அந்த ஹெக்டோ தங்கியிருக்கிறது, 100 மீட்டருக்கு 100 மீட்டர். ஏழையும் ஏணியாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

பதில் (டைல்ஸ்கடை):
பரப்பளவு வரும்போது ஜாக்கிரதை. 60 சென்டிமீட்டர் சதுர டைல் 3600 சதுர சென்டிமீட்டர், அதை 100ஆல் வகுத்து 36 சதுர மீட்டர் என்று பெரியவர்களே என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். ஒரே டைலில் வீட்டையே மூடலாமா? நீளம், அகலம் இரண்டும் மாறுவதால் 10,000ஆல் வகுக்க வேண்டும், 0.36. 3 மீட்டருக்கு 3.6 மீட்டர் அறைக்கு 30 டைல்.

மலர்அம்மா:
எல்லோருக்கும் நன்றி. அண்டா கதை உடனே பிடித்துவிட்டது. ஜன்னலை டேப்பால் அளந்து 1.2 மீட்டர் என்றாள், மில்லிமீட்டரில் என்று கேட்டதும் "எண் பெரிசாகும்மா, 1200" என்றாள். இப்போது ஸ்கேலில் 10 சென்டிமீட்டர் கோட்டில் சிவப்பு மையால் டெசிமீட்டர் என்று எழுதிக்கொண்டிருக்கிறாள்.