மூன்று மாதம் கிடந்த புல்வெட்டி: ஐந்து வினாடி ஓடிவிட்டு நின்றுவிடுகிறது

கேள்வி:
என்னிடம் இருப்பது நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் புல்வெட்டி. மூன்று மாதம் தொடாமல் மூலையில் கிடந்தது. நேற்று கயிற்றை இழுத்தேன். நான்காவது இழுப்பில் உயிர் வந்தது, ஐந்து வினாடி ஓடியது, திணறி நின்றுவிட்டது. பிரைமர் பொத்தானை மூன்று முறை அமுக்கிவிட்டு இழுத்தால் மறுபடியும் அதே ஐந்து வினாடிதான். புது ஸ்பார்க் பிளக் மாட்டியும் பலனில்லை. புல் கணுக்காலைத் தாண்டி வளர்ந்துவிட்டது. யாராவது வழி சொல்லுங்கள்.

முதல் பதில்:
பிளக்கை விடுங்கள் நண்பரே, பொறி வராவிட்டால் அந்த ஐந்து வினாடியும் ஓடியிருக்காது. பிரைமர் தள்ளிய பெட்ரோல் தீர்ந்ததும் கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பகுதி) அடுத்ததைத் தரவில்லை. டாங்கியில் இருப்பது பழைய பெட்ரோலா? மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் நிற்கும். ஆனால் அப்போது பெரும்பாலும் சில நிமிடங்களாவது ஓடும்.

கேட்டவர்:
பழைய பெட்ரோல்தான். மூடியைத் தளர்த்தியும் மாற்றமில்லை.

இரண்டாவது பதில்:
அப்படியானால் கார்புரேட்டரின் ஜெட், அதாவது பெட்ரோல் பாயும் நுண்துளை, அடைத்திருக்கிறது. நின்றுபோன பெட்ரோல் மெல்ல ஆவியாகி, பிசினைப் போன்ற படிவை விட்டுச் செல்லும். எத்தனால் கலந்திருந்தால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும்.

இயந்திரம் ஆறியிருக்கட்டும், பக்கத்தில் நெருப்பே கூடாது. முதலில் பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். இதை மட்டும் எந்த வேலையிலும் மறக்காதீர்கள், பிளேடைக் கையால் திருப்பினாலே எஞ்சின் பற்றிக்கொள்ளக்கூடும். பழைய பெட்ரோலை முழுதும் வடியுங்கள். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றுங்கள். சில வகைகளில் அந்தப் போல்ட்டேதான் ஜெட்; பக்கவாட்டில் ஊசிமுனை அளவுத் துளை இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபக்கம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கார்புரேட்டர் கிளீனர் அடித்து, மின்கம்பியின் ஒற்றைச் செம்பு இழையால் மெதுவாகக் குத்துங்கள். எஃகு ஊசி வேண்டாம், துளை பெரிதானால் கலவையே கெட்டுவிடும்.

கேட்டவர் (மறுநாள்):
மிக்க நன்றி. கிண்ணத்தின் அடியில் பச்சை கலந்த பழுப்பில் ஒரு பசை உறைந்திருந்தது. துளை முழுதாக மூடியிருந்தது. சுத்தம் செய்து புது பெட்ரோல் ஊற்றினேன், முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது! ஆனால் புதுக் கவலை: வெள்ளைப் புகை கக்குகிறது. நடுவில் பிளேடைப் பார்க்க ஒருபக்கமாகச் சாய்த்தேன். ஏதாவது உடைத்துவிட்டேனா?

முதல் பதில்:
பயப்படாதீர்கள். ஏர் ஃபில்டர் இருக்கும் பக்கம் தரையை நோக்கிச் சாய்ந்திருக்கும். கீழிருந்த ஆயில் அங்கே இறங்கியிருக்கும். எப்போதும் ஏர் ஃபில்டர், கார்புரேட்டர் பக்கம் வானத்தைப் பார்க்கும்படி சாய்க்க வேண்டும். ஃபில்டரைத் திறந்து பாருங்கள். காகித ஃபில்டர் ஆயிலில் நனைந்திருந்தால் புதிது போடுங்கள், கழுவினால் பயன்படாது. ஸ்பாஞ்ச் வகையென்றால் சோப்பு நீரில் அலசி, நன்றாக உலர்த்தி, சில சொட்டு எஞ்சின் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டலாம். ஆயில் அளவையும் பாருங்கள். மீதிப் புகை சில நிமிடங்களில் எரிந்து தீரும். ஆயில் கருத்திருந்தால் இப்போதே மாற்றுங்கள். பல எஞ்சின்களுக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை என்பது கணக்கு.

இரண்டாவது பதில்:
பிளேடைப் பார்த்தேன் என்றீர்களே, முனை எப்படி? வெட்டிய புல்லின் நுனி பிய்ந்து வெளுத்திருந்தால் கூர் போய்விட்டது. தீட்டிய பின் நடுத்துளையை ஓர் ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒருபக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் அதிர்வு பிளேடைச் சுழற்றும் கிராங்க் தண்டைத் தின்றுவிடும். வளர்ந்த புல்லை ஒரேயடியாக ஒட்ட வெட்டாதீர்கள்; ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்கு போதும்.

கேட்டவர்:
காகித ஃபில்டர் ஆயிலில் ஊறிப்போயிருந்தது, மாற்றிவிட்டேன். புகை நின்றுவிட்டது. பிளேடு இடப்பக்கம் தாழ்ந்தது, தேய்த்துச் சமமாக்கினேன். இன்று உயரத்தை மேலே வைத்து ஒரு சுற்று வெட்டியிருக்கிறேன். இனிமேல் மூலையில் வைக்கும் முன் டாங்கியை வடித்துவிட்டு, தானாக நிற்கும்வரை ஓட்டிவிடுவேன்.