மாதிரிப் பொருத்தல் முடிவுகளைத் தானாக அறிக்கையாக்குவது எப்படி?

கேள்வி: ஆய்வுப் பிரிவுக் கிராணி, தெலுக் இந்தான்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் செம்பனைத் தோட்டத்தில் எம்ஓபி என்னும் பொட்டாஷ் உரத்தின் அளவைச் சோதித்து வருகிறோம். மரத்துக்கு ஆண்டுக்கு 0, 1.5, 3, 4.5 கிலோ என நான்கு அளவுகள் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு சோதனைத் துண்டிலும் 36 மரங்கள் நின்றாலும், ஓரத்து மரங்களைத் தள்ளிவிட்டு நடுவிலுள்ள 16 மரங்களின் குலைகளை மட்டும் எடை போடுகிறோம். ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியில் எல்எம்இ4 தொகுப்பைக் கொண்டு கலப்பு விளைவு மாதிரியை (உரத்தின் விளைவோடு பிளாக்குகளுக்கிடையிலான வேறுபாட்டையும் கணக்கில் கொள்ளும் சமன்பாட்டை) பொருத்தி, கிடைக்கும் எண்களை வேர்டு கோப்பில் கையால் தட்டச்சு செய்கிறேன். துரைக்கு மலாயிலும் மண்டோர்களுக்கு (வேலை மேற்பார்வையாளர்களுக்கு) தமிழிலும், டிவிஷனுக்கு ஒன்றாக அறிக்கை போக வேண்டும். புது எடைகள் வந்துவிட்டால் அட்டவணையைத் திருத்தினால் மட்டும் போதாது, பத்திகளுக்குள் கிடக்கும் எண்களையும் ஒவ்வொன்றாகத் தேடி மாற்ற வேண்டியிருக்கிறது. இந்த வேலையைத் தானாக நடக்கச் செய்ய முடியுமா? 'உகந்த அளவு இவ்வளவு' என்ற முடிவு வரியையும் கணினியே எழுதலாமா?

மறுமொழி 1

முடியும், தம்பி. குவார்ட்டோ என்ற அறிக்கை உருவாக்கும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். கணக்கும் வாசகமும் ஒரே கோப்பில் இருக்கும். பத்தியில் எண் வரவேண்டிய இடத்தில், பொருத்திய மாதிரியிலிருந்து அந்த எண்ணை எடுத்துவரும் சிறு கட்டளையை எழுதிவிட்டால், தரவு மாறும்போது எண்ணும் மாறிவிடும். டிவிஷனின் பெயரை அளபுருவாக (ஒவ்வொரு முறையும் மாற்றிக் கொடுக்கும் மதிப்பாக) வைத்து ஒரு சுழற்சிக்குள் ஓடவிட்டால், ஒரே கோப்பிலிருந்து எல்லா டிவிஷன்களுக்கும் அறிக்கை வந்துவிடும். குணகம், திட்டப்பிழை, நம்பிக்கை இடைவெளி ஆகியவற்றை அட்டவணையாக்க புரூம் மிக்ஸ்டு தொகுப்பில் உள்ள டைடி கட்டளை போதும். எல்எம்இ4 வேண்டுமென்றே பி மதிப்பை (உண்மையில் விளைவே இல்லாதபோதும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பை) தருவதில்லை. அது தேவையென்றால் எல்எம்இஆர்டெஸ்ட் தொகுப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணின் தோற்றத்தையும் கவனியுங்கள். ரவுண்டு கட்டளை 2.30 என்பதை 2.3 என்றே அச்சிடும் என்பதால், ஸ்பிரிண்டெஃப் கொண்டு இரண்டு தசம இடங்களை நிலையாக வையுங்கள். மிகச் சிறிய பி மதிப்பு 0.000 என்று வந்தால், அதை '0.001க்கும் குறைவு' என்று எழுதும் சிறு செயற்கூற்றை ஒரு முறை எழுதி எல்லா இடங்களிலும் அழையுங்கள்.

மறுமொழி 2

அண்ணன் சொன்ன வழி சரியானது. ஆனால் முடிவு வரியைக் கணினியிடம் அப்படியே விட்டுவிடுவதை நான் ஏற்கமாட்டேன். உங்கள் மாதிரியில் உர அளவின் வர்க்கம் இருக்குமானால், உகந்த அளவு என்பது நேரியல் குணகத்தை வர்க்கக் குணகத்தின் இரு மடங்கால் வகுத்துக் குறியை மாற்றுவதுதான். வர்க்கக் குணகம் நேர்மறையாக வந்துவிட்டால் அதே சூத்திரம் விளைச்சல் மிகக் குறைந்த புள்ளியைக் காட்டும். அறிக்கையோ அதையே 'உகந்த அளவு' என்று அழகாக அச்சிட்டுவிடும். விடை 6 கிலோ என்று வந்தாலும் அப்படித்தான், நீங்கள் 4.5 கிலோவுக்கு மேல் சோதிக்கவே இல்லை. ஆகவே வர்க்கக் குணகம் எதிர்மறையாகவும் விடை 0 முதல் 4.5 வரைக்குள்ளும் இருந்தால் மட்டுமே அந்த வரி அச்சாக வேண்டும். இல்லையேல் 'இத்தரவிலிருந்து உகந்த அளவைக் கூற இயலாது' என்ற வரி வர வேண்டும். உகந்த அளவுக்கு நம்பிக்கை இடைவெளியும் தேவை. கார் தொகுப்பின் டெல்டாமெத்தட் அதைத் தரும்.

இன்னொன்று. எச்சரிக்கைகளைப் பிழைகளாக மாற்றும் அமைப்பை, அதாவது வார்ன் மதிப்பை 2 ஆக்குவதை, இயக்கினால் மாதிரியின் கணக்கு நிலையான விடைக்கு வந்து ஒருங்காதபோது அறிக்கை நின்றுவிடும். ஆனால் பிளாக்குகளுக்கு (சோதனைத் துண்டுகளின் தொகுதிகளுக்கு) இடையிலான மாறுபாடு சுழியமாக மதிப்பிடப்படும்போது எல்எம்இ4 தருவது எச்சரிக்கை அல்ல, வெறும் செய்தி. அதனால் அந்த அமைப்பு அதைப் பிடிக்காது. பிளாக்குகள் குறைவாக உள்ள தோட்டச் சோதனைகளில் இது அடிக்கடி நேரும். இஸ்சிங்குலர் கட்டளையால் இந்நிலையைத் தனியே சோதித்து, உண்மை என்று வந்தால் அதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே காட்டுங்கள். மண்டோர் அறிக்கையை நம்பித்தான் உரமூட்டையைப் பிரிக்கிறார்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி ஐயா. ஒரு டிவிஷனுக்குச் செய்து பார்த்தேன், இஸ்சிங்குலர் உண்மை என்றே சொன்னது. ஆனால் பிடிஎஃப் கோப்பில் தமிழ் எழுத்துகள் வரவேண்டிய இடமெல்லாம் வெறுமையாக இருக்கின்றன.

மறுமொழி 1

பிடிஎஃப் உருவாக்கும் லேடெக் மென்பொருளின் இயல்பான எழுத்துருவில் தமிழ் இல்லை, தம்பி. கோப்பின் தலைப்பகுதியில் இயந்திரமாக ஸீலேடெக்கையும் முதன்மை எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழையும் குறிப்பிடுங்கள். மண்டோர்களுக்கு வேர்டு கோப்பே போதுமென்றால், தலைப்பும் அட்டவணையும் உங்கள் விருப்பப்படி அமைந்த ஒரு வேர்டு வார்ப்புருக் கோப்பைக் காட்டிவிட்டால் குவார்ட்டோ அதன் பாணியையே பின்பற்றும்.