எண்ணெய் டேங்கரில் கான்கிரீட் அட்மிக்சர் ஏற்றலாமா?

பத்துச்சக்கரம்:
வணக்கம். என்னிடம் 20,000 லிட்டர் எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) டேங்கர் ஒன்று இருக்கிறது, பத்துச் சக்கர வண்டி, இத்தனை வருஷம் சமையல் எண்ணெய்தான் ஓட்டினேன். இப்போது ஓசூர் பக்கம் ஒரு கட்டுமான ரசாயனக் கம்பெனி, கோயம்புத்தூர் ஆர்எம்சி (ரெடிமிக்ஸ் கான்கிரீட்) பிளான்டுகளுக்கு அட்மிக்சர், அதாவது கான்கிரீட்டில் கலக்கும் ரசாயனத் திரவம், மாதம் ஆறேழு லோடு தருவதாகச் சொல்கிறது. கான்கிரீட்டை இளக்கும் பிசிஇ, எஸ்என்எஃப் இரண்டு வகையும் உண்டு, எப்போதாவது நீலகிரியில் சுரங்க வேலைக்கு, சீக்கிரம் இறுக வைக்கும் ஆக்சிலரேட்டரும் போகுமாம். "தண்ணீர் மாதிரிதான், தீப்பிடிக்காது, பயப்படாதீங்க" என்கிறார்கள். வாடகை லிட்டர் கணக்கில். 20,000 லிட்டரும் நிரப்பிக்கொண்டு கிளம்பிவிடலாமா, வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

கியூப்_டெஸ்ட்:
நிரப்பாதீர்கள். நான் பிளான்டில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன், லோடு வந்ததும் முதலில் அடர்த்திதான் அளப்போம், அதனால் அதிலிருந்தே சொல்கிறேன். சமையல் எண்ணெய் லிட்டருக்கு ஏறக்குறைய 0.91 கிலோ, 20,000 லிட்டர் ஏற்றினாலும் 18 டன்னைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பிசிஇ 1.08 பக்கம், எஸ்என்எஃப் 1.2 பக்கம், ஷாட்கிரீட்டுக்கு (பீய்ச்சி அடிக்கும் கான்கிரீட்) போடும் ஆல்கலி இல்லாத ஆக்சிலரேட்டர் 1.4 வரை வரும். 2018இல் அச்சு எடையை உயர்த்திய பிறகு பத்துச் சக்கரத்துக்கு மொத்த எடை 28.5 டன். காலி வண்டி 10 டன் என்று வைத்தால் 18.5 டன்தான் சரக்கு. எஸ்என்எஃப் முழு டேங்க் என்றால் 24 டன். பிடித்தால் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, போதாததற்கு அதிகப்படியை அங்கேயே இறக்கு என்பார்கள், டேங்கர் சரக்கை நடுரோட்டில் எதில் இறக்குவீர்கள்?

வாடகையை டன் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். லிட்டர் கணக்கில் நஷ்டம் உங்களுக்குத்தான்.

தொப்பூர்_இறக்கம்:
தம்பி, எடையைச் சரிபண்ணினால் இன்னொரு தொல்லை கிளம்பும், அதை யாரும் சொல்ல மாட்டார்கள். 18.5 டன்னுக்குள் எஸ்என்எஃப் ஏற்றினால் 15,400 லிட்டர், டேங்கில் கால்வாசி காலி. ஆக்சிலரேட்டர் என்றால் 13,200 லிட்டர்தான், மூன்றில் ஒரு பங்கு காலி. அந்தக் காலி இடத்தில்தான் திரவம் ஓடி விளையாடும். பிரேக் போட்ட பிறகு ஒரு நொடி கழித்துப் பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி வண்டி முன்னால் தள்ளும், ஓட்டியவனுக்குத்தான் தெரியும். எண்ணெய் வண்டி எப்போதும் முழுசாகவே ஓடியிருக்கும், அதனால் உங்கள் டிரைவருக்கு இது பழக்கமே இருக்காது.

ஐரோப்பாவில் ஆபத்தான திரவங்களுக்கு ஒரு விதி உண்டு: 7,500 லிட்டருக்கு ஒன்றாகத் தடுப்போ அலைத்தட்டோ இல்லாத டேங்கை 20 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் நடுவில் நிரப்பக் கூடாது. நம் ஊரில் யாரும் கேட்காவிட்டாலும் நான் அதைத்தான் கணக்கில் வைத்துக்கொள்கிறேன். மேன்ஹோலைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே தடுப்புச் சுவரா, ஓட்டை போட்ட பேஃபிள் தட்டா, எத்தனை இருக்கிறது என்று. பேஃபிள் முன்பின் அலையைத்தான் அடக்கும். வளைவில் திரவம் பக்கவாட்டில் ஏறுவதை அது தடுக்காது, வண்டி கவிழ்வது அதில்தான்.

ஓசூரிலிருந்து வந்தால் தொப்பூர் கணவாயைத் தாண்டியே ஆக வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கும் ஆளாக இருந்தால் அந்த டிரைவர் வேண்டவே வேண்டாம். மேலேயே கியரைக் குறைத்து, எஞ்சின் பிரேக்கில் இறக்க வேண்டும். குன்னூர் கொண்டை ஊசி வளைவில் மூன்றில் ஒரு பங்கு காலி டேங்கோடு ஏறுவதை நான் ஒரு முறை செய்தேன், இனி செய்ய மாட்டேன்.

பத்துச்சக்கரம்:
திறந்து பார்த்தேன் அண்ணே. நாலு அறை, ஒவ்வொன்றும் 5,000 லிட்டர். அப்படியென்றால் மூன்று அறை மட்டும் நிரப்பலாம்தானே?

தொப்பூர்_இறக்கம்:
அதிர்ஷ்டக்காரர்! மூன்று அறை எஸ்என்எஃப் 18 டன், கணக்கு சரியாக வருகிறது. ஆனால் எந்த அறையைக் காலியாக விடுவது என்பதை எடைமேடையில் முடிவு பண்ணுங்கள், பின் இரட்டை அச்சுக்கு 21 டன்தான் வரம்பு. வெயிலில் விரியும், கழுத்துவரை நிரப்பாதீர்கள்.

கியூப்_டெஸ்ட்:
கழுவுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எங்களுக்கு வயிற்றெரிச்சல் அதில்தான். எஸ்என்எஃப் மிச்சத்தின் மேல் பிசிஇ ஏற்றினால் இரண்டும் ஒத்துப்போகாது, கெட்டியாகும், கான்கிரீட் பிளான்டிலேயே இறுகும். ஒரு முறை வந்த டேங்கர் முந்தின லோடு சர்க்கரை ஆலை மொலாசஸ் ஏற்றியதாம், சர்க்கரை கொஞ்சம் கலந்தாலும் சிமென்ட் செட் ஆகத் தாமதிக்கும், மறுநாள் காலை அந்தத் தளத்தில் கட்டைவிரல் இறங்கியது. உங்கள் வண்டியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், வெந்நீரும் சோப்பும் போட்டு அலசி, சோப்பும் போகும்வரை அலச வேண்டும், இல்லாவிட்டால் நுரைத்துத் தள்ளும். வால்வு, ஹோஸ் உள்ளேயும்.

கிளீனரை டேங்குக்குள் இறக்காதீர்கள். கழிவுத் தொட்டியில் ஆட்கள் சாகிற மாதிரிதான், மூடிய டேங்கில் காற்று இருக்கிறது என்று நினைப்பதே தப்பு. மேலிருந்து பீய்ச்சும் கருவி வைத்துக் கழுவும் இடத்துக்குப் போங்கள்.

லோடு_ஷீட்:
காகிதம் பக்கம் ஒரு வார்த்தை. பிசிஇ, எஸ்என்எஃப் பெரும்பாலும் ஆபத்துச் சரக்கு வகையில் வராது. அந்த ஆக்சிலரேட்டர் பிஹெச் 3க்குக் கீழேகூட இருக்கும், அது அரிக்கும் வகையா என்று பாதுகாப்புத் தாளில் 14ஆம் பகுதியைப் பாருங்கள். ஆம் என்றால் 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்படி வண்டியில் அவசரத் தகவல் பலகை, டிரைவரிடம் டிரெம் கார்டு (விபத்தானால் என்ன செய்வது என்று எழுதிய அட்டை), உரிமத்தில் அதற்கான மேற்குறிப்பு எல்லாம் வேண்டும். தாள் தராத கம்பெனி லோடை எடுக்காதீர்கள். "தீப்பிடிக்காது" என்றால் ஆபத்தில்லை என்று ஆகாது, ரோட்டில் கொட்டினால் சோப்புத் தண்ணீர் மாதிரி வழுக்கும், பின்னால் வரும் டூவீலர்காரர்தான் விழுவார். இரண்டு மூட்டை மணல் வண்டியிலேயே இருக்கட்டும், தண்ணீர் விட்டுச் சாக்கடைக்குத் தள்ளக் கூடாது.

இறக்கும்போது மேன்ஹோலைத் திறந்து வைத்துவிட்டுப் பம்ப் போடச் சொல்லுங்கள். மூடிய டேங்கிலிருந்து உறிஞ்சினால் காலி தகர டப்பா போல நசுங்கும். பிளான்ட்காரர் கம்ப்ரசர் காற்றை விட்டுத் தள்ளுகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், எண்ணெய் டேங்கர் அழுத்தம் தாங்கச் செய்ததில்லை.

பத்துச்சக்கரம்:
எல்லாருக்கும் நன்றி. கம்பெனியில் பேசினேன். டன் வாடகைக்கு முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். பிசிஇ மட்டும் முதலில் ஓட்டுகிறேன், ஆக்சிலரேட்டருக்கு வேறு வண்டி பார்க்கச் சொல்லிவிட்டேன்.

கியூப்_டெஸ்ட்:
நல்லது. இன்னொன்று, நிறைய பிளான்டில் பிசிஇ, எஸ்என்எஃப் தொட்டி வாய்கள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் பெயரே எழுதாமல் இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு டிரைவர் தானாக ஹோஸ் மாட்ட வேண்டாம், ஆளை எழுப்பிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு மாட்டட்டும். திட்டினாலும் பரவாயில்லை.