காட்டில் மரம் இழுக்கும் உழவு இயந்திரம் ஏன் வேறு உருவம் கொண்டது?

கேள்வி – கந்தளாய் வாசி

அனைவருக்கும் வணக்கம். வயல் வேலைக்காகவும் நெல் ஏற்றி இறக்குவதற்காகவும் மாசி பெர்குசன் 240 உழவு இயந்திரம் ஒன்றை வைத்திருக்கிறேன். பன்குளம் பக்கத்தில் உறவினர் ஒருவரின் காணியில் நிற்கும் தேக்கு மரங்களை உரிய அனுமதிப்பத்திரத்துடன் வெட்டவிருக்கிறார்கள். குற்றிகளைக் காணிக்குள்ளிருந்து வீதிவரை இழுத்துத் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அயற்காணியில் இதே வேலையைச் செய்த ஒருவருடைய இயந்திரத்தின் முன் சில்லுகள் மேலே எழும்பியதாகக் கேள்விப்பட்டதால் தயங்குகிறேன். வெளிநாடுகளில் இதற்கென்றே செய்யப்படும் இயந்திரங்களின் படங்களைப் பார்த்தால் நான்கு சில்லுகளும் ஒரே அளவில் இருக்கின்றன, உடல் நடுவில் மடிகிறது, முன்னால் மண் தள்ளும் தகடு இருக்கிறது. இந்த அமைப்புக்கான காரணங்களையும், அவற்றில் எதை நமது இயந்திரத்துக்குக் கொண்டுவரலாம் என்பதையும் அறிந்தவர்கள் விளக்குவீர்களா?

பதில் 1 – மூதூர்ப் பட்டறை

தம்பி, நீங்கள் தயங்கியது மிகவும் சரி. முன் சில்லு எழும்புவதை இயந்திரத்தின் பலம் என்று சிலர் பெருமையாகப் பேசுவார்கள். உண்மையில் அது இயந்திரம் பின்பக்கமாகப் புரண்டு ஓட்டுநர் மீது விழப்போவதன் முதல் அடையாளம். அதற்கு மிகச் சிறிது நேரமே போதும். கிளச்சை மிதிக்க நினைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

உங்களிடம் இருப்பது கலப்பைக்காகப் பிறந்த இயந்திரம். அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டுமே முன்னச்சில் நிற்கிறது, மீதி பின்னச்சில் இருக்கிறது. மண்ணுக்குள் ஓடும் கொழு கீழ்நோக்கியும் பின்னோக்கியும் இழுப்பதால் பெரிய பின் சில்லுகள் மண்ணை இன்னும் இறுகப் பற்றுகின்றன. கலப்பையை இயந்திரத்தின் பின்னால் மூன்று இடங்களில் பிடித்துக்கொள்ளும், ஹாரி பெர்குசன் வகுத்த மூன்று புள்ளி இணைப்பு அந்த இழுவையையே பிடிப்பாக மாற்றிக்கொள்வதால்தான் இலேசான இயந்திரத்தால் ஆழமாக உழ முடிகிறது. மரக்குற்றி அப்படி நடந்துகொள்வதில்லை. அது ஓரிடத்தில் வேரில் முட்டி நின்றுவிட்டால், சங்கிலி பின்னச்சுக்கு மேலே கட்டப்பட்டிருக்கும் நிலையில், சில்லு சுழல்வதற்குப் பதிலாக இயந்திரத்தின் உடலே பின்னச்சைச் சுற்றிச் சுழலத் தொடங்கும்.

இதற்கான விடையாகத்தான் காட்டு இயந்திரத்தின் எடைப் பங்கீடு தலைகீழாக்கப்பட்டது. சுமையில்லாமல் நிற்கும்போது அதன் எடையில் ஏறத்தாழ 60 வீதம் முன்னச்சில் இருக்கும். குற்றிகளின் முன்முனையை வின்ச், அதாவது வடத்தைச் சுற்றி இழுக்கும் பொறி, தூக்கிப் பிடித்தவுடன் அந்தப் பாரம் பின்னச்சில் இறங்குவதால், இரு அச்சுகளும் சுமையைச் சரிசமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. நான்கு சில்லுகளும் இழுக்க வேண்டியிருப்பதால் அவை ஒரே அளவில் உள்ளன. குற்றியின் முன்முனையைத் தரையிலிருந்து உயர்த்துவதும் வெறும் வசதிக்காக அல்ல. முனை மண்ணைக் கிளறாதபோது உராய்வு வெகுவாகக் குறைகிறது, மரத்திலும் மணல் ஏறாது, ஆலையில் வாள் மழுங்காது.

நடுவில் மடியும் உடலின் பயன் காட்டுக்குள் போனால்தான் புரியும். பின் சில்லுகள் முன் சில்லுகளின் தடத்திலேயே வருகின்றன. ஆகவே நிற்கும் மரங்களைக் காயப்படுத்தாமல் ஒடுக்கமான பாதையில் திரும்பலாம். முன்பாதியும் பின்பாதியும் தனித்தனியே சரியக்கூடியதாக இருப்பதால், ஒரு சில்லு கல்லில் ஏறினாலும் மற்ற மூன்றும் நிலத்தை விடுவதில்லை. எண்ணெய்த் தொட்டியையும் கியர்ப் பெட்டியையும் அடிக்கட்டைகள் கிழிக்காதபடி வயிற்றுப்புறம் முழுவதும் தடித்த இரும்புத் தகடு மூடியிருக்கும். நமது வயல் இயந்திரங்களில் அந்தப் பகுதி திறந்தே கிடக்கிறது. காட்டு வேலைக்குப் போய்வந்த இயந்திரங்களை நான் திருத்தும்போது பெரும்பாலான சேதம் அடியில்தான் இருக்கும்.

பதில் 2 – திருகோணமலை நகர்

மூதூர் அண்ணன் சொன்னதற்கு வரலாற்றுப் பின்னணியைச் சேர்க்கிறேன். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தைச் சேர்ந்த ஆல்வின் லொம்பார்ட் 1901ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற நீராவி இயந்திரம், பனிப்பாதையில் மரச்சறுக்கு வண்டிகளைத் தொடராக இழுத்தது. இரும்புச் சங்கிலிப் பட்டையில் ஓடி வணிக அளவில் பயன்பட்ட முதல் வாகனங்களுள் அது ஒன்று என்பதால், பின்னாளில் வந்த பட்டைச் சில்லு வாகனங்களுக்கெல்லாம் காட்டு வேலையே ஒரு தொடக்கக் களமாக இருந்தது எனலாம். சோவியத் ஒன்றியத்தில் 1940களின் இறுதியில் வெளிவந்த கேடி-12 என்ற பட்டை இயந்திரம் டீசலுக்குப் பதிலாக விறகிலிருந்து பெற்ற வாயுவில் ஓடியது. எரிபொருள் கிடைக்காத தூரக் காடுகளில் கிடைக்கும் மரத்தையே எரிபொருளாக்கிய அந்தச் சிந்தனையை நான் பெரிதும் மதிக்கிறேன். கனடாவின் ஒன்ராரியோ மாகாணத்தில் வளர்ந்த டிம்பர்ஜாக் போன்ற நிறுவனங்கள் நடுவில் மடியும் சில்லு இயந்திரங்களைப் பரவலாக்கின. ஜோன் டீர் நிறுவனத்தின் 440 என்ற வகை 1965இல் வந்தது.

சுவீடனும் பின்லாந்தும் இன்னொரு திசையில் சென்றன. அங்கே மரத்தை விழுந்த இடத்திலேயே துண்டாக்கி, தூக்குக்கை பொருத்திய ஆறு அல்லது எட்டுச் சில்லு இயந்திரத்தில் ஏற்றிச் செல்கிறார்கள். குற்றி நிலத்தில் உரசாததோடு, வெட்டிய கிளைகளைப் பாதையில் பரப்பி அதன்மேல் ஓட்டுவதால் மண்ணும் தப்புகிறது. புதிய உழவு இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் புரளும்போது ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டகத்தை 1959இலேயே சுவீடன் கட்டாயமாக்கியது. இதன் பின்னர் அங்கே புரண்டு இறப்போரின் தொகை பெருமளவு குறைந்தது. நம் பக்கத்தில் ஓடும் பழைய இயந்திரங்கள் பலவற்றில் அந்தச் சட்டகம் இன்றும் இல்லை என்பது எனக்குப் பெருங்கவலை.

கந்தளாய் வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் புதிய இயந்திரம் வாங்க வழியில்லாத என்னைப் போன்றவர் எங்கே தொடங்க வேண்டும்?

பதில் 3 – மூதூர்ப் பட்டறை

இயந்திரத்தைக் குற்றியிடம் கொண்டுபோகாதீர்கள். உறுதியான தரையில் அதை நிறுத்திவிட்டு வடத்தைக் குற்றியிடம் அனுப்புங்கள். நோர்வேயின் இக்லாண்ட், சுலோவேனியாவின் டைஃபூன் போன்ற நிறுவனங்கள் மூன்று புள்ளி இணைப்பில் பொருத்தும் வின்ச் செய்கின்றன. அதன் அகன்ற தகடு நிலத்தில் ஊன்றிக்கொள்வதால் இழுவை தாழ்வாகவே வரும், இயந்திரமும் பின்னோக்கி இழுபடாது. அதுவும் கைக்கெட்டாவிட்டால், சங்கிலியைப் பின்னச்சுக்குக் கீழே உள்ள இழுவைச் சட்டத்தில் மட்டுமே கட்டுங்கள், முன்னால் எடைக்கட்டிகளைப் பொருத்துங்கள், ஒருமுறைக்கு ஒரு சிறு குற்றியை மட்டும் முதல் கியரில் இழுங்கள். 40 சென்ரிமீற்றர் விட்டமும் 5 மீற்றர் நீளமும் உள்ள பச்சைத் தேக்குக் குற்றி அரைத் தொன்னைத் தாண்டும் என்பதை மறக்க வேண்டாம். ஓட்டுநரைக் காக்கும் சட்டகத்தையும் பின்புற வலைக்கம்பியையும் முதலில் போடுங்கள்; இழுவிசையில் அறுந்த வடம் முதலில் தாக்குவது ஓட்டுநரின் முதுகையே.

பதில் 4 – தம்பலகாமம் விவசாயி

காலத்தையும் பாருங்கள், தம்பி. நமது செம்மண் காய்ந்தால் இறுகிக் கல்லாகும், நனைந்தால் குழையும். மண்ணின் இறுக்கத்தில் பெரும்பகுதி முதல் சில ஓட்டங்களிலேயே ஏற்பட்டுவிடும் என்பதால், காணி முழுவதும் சுற்றாமல் ஒரே இழுவைப் பாதையைக் கயிறு கட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை இறங்கினால் தை முடியும்வரை அந்தக் காணிக்குள் இயந்திரத்தை இறக்க வேண்டாம். வெட்டும் வேலையை இப்போதே பேசி ஆவணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

கந்தளாய் வாசி

பாதையைக் குறிக்க இந்த வாரமே உறவினருடன் காணிக்குப் போகிறேன். மூதூர் அண்ணா, சட்டகமும் வலையும் போடுவதற்காக இயந்திரத்தை உங்கள் பட்டறைக்கு எப்போது கொண்டுவரலாம் என்று சொல்லுங்கள்.