பென் டேப்லெட்டில் வட்டம் வரைந்தால் படுத்த முட்டையாக வருகிறது – உதவி தேவை

அடையாறு_கிறுக்கல்
அனைவருக்கும் வணக்கம். மூன்று மாதங்களாக டிஜிட்டல் ஓவியம் பழகி வருகிறேன். காகிதத்தில் ஓரளவு சரியாகவே வரைகிறேன். கணினியுடன் இணைத்துப் பேனாவால் வரையும் பலகையான பென் டேப்லெட்டில் வரைந்தால் வட்டம் படுக்கவைத்த முட்டையாகிறது, முகம் பூசணிக்காயாகிறது, கோடுகளும் நடுங்குகின்றன. தினமும் ஒரு மணி நேரம் வட்டம் மட்டுமே போட்டுப் பார்த்தும் மாற்றமில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அக்காவின் வளைகாப்பு அழைப்பிதழுக்குப் படம் முடித்துத் தர வேண்டும். என் கைக்கு இது வராதா?

புள்ளி_வைத்தவள்
எந்த அளவு டேப்லெட், அதில் திரை உண்டா இல்லையா, எந்தச் செயலியில் வரைகிறீர்கள், கணினியில் என்ன இருக்கிறது என்று எதையுமே சொல்லாமல் கையைக் குறை சொல்கிறீர்களே!

மவுண்ட்ரோடு_பேனர்
இதே கேள்வியை மாதம் ஒருவர் கேட்கிறார். நானும் சலிக்காமல் இதே பதிலை எழுதுகிறேன். அண்ணா சாலையில் சாரத்தின் மேல் நின்றுகொண்டு, சிறிய புகைப்படத்தில் கட்டம் போட்டு, அதையே ஆளுயரத்தைத் தாண்டிய முகமாகப் பெரிதாக்கிச் சினிமா பேனர் வரைந்தவர்களிடம் டேப்லெட்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் எதுவும் இருந்ததில்லை. தம்பி, ஒரு 2பி பென்சிலுடன் எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்துக்குச் சென்று (வெள்ளிக்கிழமை விடுமுறை), நடராசரின் தூக்கிய பாதத்திலிருந்து தோள்வரை ஒரே வீச்சில் கோடு இழுத்துப் பழகுங்கள். நானும் ஆறு ஆண்டுகளாக டேப்லெட்டில் வரைகிறேன். வட்டம் ஒரு நாளும் என்னை ஏமாற்றியதில்லை.

வேளச்சேரி_லேயர்
எனக்கு கேன்வாஸ் அளவின் மீதுதான் சந்தேகம். ஏ4 தாளை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) திறந்தால் 2480க்கு 3508 பிக்சல்கள் ஆகும். அதில் ஒன்றன்மேல் ஒன்றாக இருபது லேயர்களை, அதாவது பட அடுக்குகளை, அடுக்கி, 4 ஜிபி ராம் உள்ள கணினியில் பெரிய பிரஷ்ஷை ஓட்டினால், கோடு பேனாவுக்குப் பின்னால் தாமதமாக வரும். கண் அந்தக் கோட்டுக்காகக் காத்திருக்கும்போது கை தயங்கும், அந்தத் தயக்கமே நடுக்கமாகத் தெரியும். ராம் எவ்வளவு?

அடையாறு_கிறுக்கல்
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். திரையில்லாத டேப்லெட், வரையும் பரப்பு 10 அங்குல அகலம், 6.25 அங்குல உயரம். லேப்டாப், விண்டோஸ் 11, 16 ஜிபி ராம், வரையும் செயலி கிரிட்டா.

வேளச்சேரி_லேயர்
அப்படியென்றால் ராம் காரணமில்லை. கிரிட்டாவில் பிரஷ் கருவிக்குரிய டூல் ஆப்ஷன்ஸ் பகுதியில், கோட்டைத் தானே சீராக்கும் ஸ்டெபிலைசர் இருக்கிறது. அதை இயக்கினால் நடுக்கம் குறையும்.

மவுண்ட்ரோடு_பேனர்
கால் நன்றாக இருப்பவனுக்கு ஊன்றுகோல் கொடுக்கிறீர்கள். ஸ்டெபிலைசர் போட்ட கோட்டை வரைந்தது மென்பொருளா, மனிதனா?

வேளச்சேரி_லேயர்
கட்டம் போட்டு முகத்தைப் பெரிதாக்கியவர்களைச் சற்று முன்புதான் புகழ்ந்தீர்கள். கட்டம் மட்டும் ஊன்றுகோல் இல்லையா, ஐயா?

மவுண்ட்ரோடு_பேனர்
கட்டம் கண்ணுக்கு உதவுகிறது. கோட்டைக் கைதான் இழுக்கிறது. இந்த வேறுபாடு புரியாதவர்களுடன் வாதிட்டுப் பயனில்லை.

புள்ளி_வைத்தவள்
ஸ்டெபிலைசரும் கட்டமும் நடுக்கத்தைப் பற்றிய பேச்சு. முட்டைக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. வீட்டில் கண்ணாடி வளையலோ பிளாஸ்டிக் வளையலோ இருந்தால், அதை டேப்லெட்டின் மேல் வைத்து இடக்கை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதன் உள்விளிம்பை ஒட்டியே பேனாவை ஒரு சுற்று சுற்றுங்கள். உலோக வளையல் வேண்டாம். பேனாவின் சிக்னலைக் குழப்பக்கூடும். வளையலுக்குள் சுற்றும்போது கை தவறு செய்யவே முடியாது. அப்போதும் திரையில் முட்டை விழுந்தால், கோளாறு கையில் இல்லை, அமைப்பில் இருக்கிறது என்று பொருள்.

அடையாறு_கிறுக்கல்
எங்கள் வீட்டில் இப்போது வளையலுக்குப் பஞ்சமில்லை. சுற்றிப் பார்த்தேன், முட்டையேதான். அகலம் உயரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் சற்று அதிகம். இன்னொன்று: டேப்லெட்டின் வலப்பாதி வாங்கிய நாளிலிருந்தே வேலை செய்வதில்லை, பேனாவை அங்கே கொண்டுசென்றால் அம்புக்குறி மறைந்துவிடுகிறது. மலிவாக வாங்கிய பொருள் என்று இடப்பாதியிலேயே வரைந்து பழகிவிட்டேன். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

புள்ளி_வைத்தவள்
அதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாமே! அம்புக்குறி மறையவில்லை, இன்னொரு திரைக்குப் போகிறது. லேப்டாப்புடன் வேறு மானிட்டரோ டிவியோ இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். 1920க்கு 1080 கொண்ட இரண்டு திரைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மொத்த அகலம் 3840 பிக்சல். அந்த நீண்ட பரப்பு முழுவதும் உங்கள் 10 அங்குலத்துக்குள் அடைக்கப்படுவதால், வட்டம் சுமார் 2.2 மடங்கு அகலமாகும். டிரைவர் அமைப்பில் லேப்டாப் திரையை மட்டும் தேர்ந்தெடுங்கள். அத்துடன் நின்றுவிடாதீர்கள்: டேப்லெட்டின் விகிதம் 16:10, திரையின் விகிதம் 16:9 என்பதால் வட்டம் இன்னும் 11 சதவீதம் அகலமாகவே வரும். விகிதத்தைக் காக்கும் தேர்வு அதே பக்கத்தில் இருக்கும். அதை இயக்கினால் உயரத்தில் சுமார் 0.6 அங்குலம் வீணாகும், ஆனால் வட்டம் வட்டமாகும்.

அடையாறு_கிறுக்கல்
கூடத்திலுள்ள டிவி. அணைத்துத்தான் இருந்தது, எச்டிஎம்ஐ கேபிளைப் பிடுங்க மறந்திருக்கிறோம். இப்போது வட்டம் வட்டமாக வருகிறது, வலப்பாதியும் உயிர்பெற்றுவிட்டது. மிக்க நன்றி அக்கா. கோடு மட்டும் இன்னும் நடுங்குகிறது.

மவுண்ட்ரோடு_பேனர்
நடுக்கத்துக்குப் பயிற்சிதான் மருந்து என்று நான் முதலிலேயே சொன்னேன்.

புள்ளி_வைத்தவள்
மூன்று மாதங்களாக அரைப் பலகையில் மணிக்கட்டை மட்டும் அசைத்து வரைந்திருக்கிறீர்கள், நடுங்காமல் என்ன செய்யும்? வாசலில் பெரிய கோலம் போடுபவர்களைக் கவனியுங்கள். நீண்ட வளைவுக்கு விரல்கள் மாவை மட்டுமே விடுகின்றன, இழுப்பது தோள். டேப்லெட்டை மேசையின் ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி, முழங்கையைத் தூக்கி, கோடு முடியும் இடத்தைப் பார்த்துக்கொண்டு வேகமாக இழுங்கள். பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடியும் இழுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரை ஸ்டெபிலைசரையும் வைத்துக்கொள்ளுங்கள், யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

வேளச்சேரி_லேயர்
அழைப்பிதழ் முடிந்ததும் இங்கே காட்டுங்கள்.

மவுண்ட்ரோடு_பேனர்
என் டேப்லெட்டிலும் மனைவியின் வளையலை வைத்துச் சுற்றிப் பார்த்தேன். அளந்ததில், அகலம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக இருக்கிறது. அந்த விகிதத் தேர்வு டிரைவரில் எந்த இடத்தில் இருக்கும், அம்மா?