பழைய உளிக்குப் புதுப் பிடி போட்டால் பிளந்துவிடுகிறது, ஏன்?

மரத்தூள்:
அரை இஞ்ச் உளி, இரும்பு நன்றாக இருக்கிறது, பிடி உளுத்துவிட்டது. பிடிக்குள் இறங்கும் வால் 60 மி.மீ. நீளம், தோள் பக்கம் (வால் அலகோடு சேரும் இடம்) 8 மி.மீ. சதுரம், நுனியில் 4 மி.மீ. 7 மி.மீ. பிட்டால் ஒரே துளை போட்டு அடித்து இறக்கியதில் இரண்டு பிடிகள் வாய்ப்பக்கம் பிளந்தன. வாலைப் பழுக்கக் காய்ச்சி இறக்கினால் சரியாகுமா?

கொட்டாப்புளி:
காய்ச்ச வேண்டாம். கோளாறு துளையில்தான் இருக்கிறது. வால் நுனி நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகிறது, உங்கள் துளையோ நேராக இருக்கிறது. அடியில் நுனி பிடிமானமில்லாமல் ஆட, முழு அழுத்தமும் வாய்ப்பக்கம் ஆப்பு மாதிரி இறங்குகிறது.

மூன்று படியாகத் துளையுங்கள்: 5 மி.மீ. பிட்டால் 60 ஆழம், 6.5-ஆல் 40 வரை, 8-ஆல் 20 வரை. சதுர வாலின் நான்கு மூலைகளும் வழி நெடுக மரத்தைக் கடிக்கும். பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கட்டை சதுரமாக இருக்கும்போதே துளை போட்டுவிடுங்கள். துளை கொஞ்சம் கோணலாகப் போனாலும் அதை நடுவாக வைத்துப் பிடியைச் செதுக்கிக்கொள்ளலாம். பிடியை உருட்டி முடித்த பிறகு கோணலானால் அது விறகுதான்.

வாலில் பென்சில் கரியைத் தேய்த்து உள்ளே விட்டு எடுத்தால் உரசும் இடம் கறுப்பாகத் தெரியும். அங்கே மட்டும் சிறு அரத்தால் சுரண்டவும். வாலை உள்ளே விட்டுத் திருகாதீர்கள், துளை வட்டமாகி லூசாகிவிடும். தோளுக்கும் பூணுக்கும் (பிடியின் வாயில் மாட்டும் உலோக வளையம்) இடையே 6, 7 மி.மீ. மிச்சம் இருக்கும்போது சுரண்டுவதை நிறுத்துங்கள். அது அடித்து இறக்க வேண்டிய தூரம்.

அடிக்கும்போது முனையை எதன்மேலும் ஊன்றக் கூடாது. பிடியைக் கையில் பிடித்து, உளி கீழே தொங்க, பிடியின் தலையில் கொட்டாப்புளியால் (மரச்சுத்தியல்) தட்டுங்கள். உளி தன் கனத்தாலேயே பின்தங்கும், பிடி அதன்மேல் இறங்கும். நாலு தட்டுக்கு ஒருமுறை நேராக இருக்கிறதா என்று பாருங்கள்.

வாச்சி:
காய்ச்சி இறக்குவதும் பழைய முறைதான், முழுக்கத் தப்பில்லை. படித்துளை போட்ட பிறகு, அலகில் ஈரத்துணி சுற்றி, வாலை மங்கலாகச் சிவக்கும் வரை மட்டும் காய்ச்சி, துளைக்குள் ஒரு கணம் மட்டும் விட்டு எடுத்துவிட வேண்டும்.

கொட்டாப்புளி:
துணி காய்ந்தால் போச்சு. முனை 300 டிகிரி வாக்கில் நீலம் பாய்ந்துவிட்டால் பதம் போய்விடும், மறுபடி பதம் வைக்காமல் கூர் நிற்காது. கரிந்த மரமும் நாளடைவில் பொடிந்து வால் ஆடும்.

ரம்பப்பல்:
பூணைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! வாலை அடித்து இறக்கும் முன்பே பூண் ஏறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் துளை எவ்வளவு சரியாக இருந்தாலும் பிளக்கும். செப்புக் குழாயில் 12 முதல் 15 மி.மீ. வெட்டினால் போதும். உள்விளிம்பை அரத்தால் லேசாகச் சாய்த்துவிடுங்கள், கூராக இருந்தால் மரத்தைச் சீவிக்கொண்டு இறங்கும். மரம் நன்றாகக் காய்ந்திருக்கட்டும். ஈரக்கட்டை சுருங்கினால் பூண் தானாகக் கழன்று விழும்.

மரத்தூள்:
இன்னொரு உளியில் வால் இல்லை, பிடியின் நுனி உள்ளே இறங்கும் கூம்புக்குழிதான் இருக்கிறது. அதற்கும் பூண் வேண்டுமா?

ரம்பப்பல்:
வேண்டாம், குழியே பூண். பசையும் வேண்டாம். குழி விளிம்புக்கும் பிடியின் தோளுக்கும் 3 மி.மீ. இடைவெளி விடுங்கள், அடிக்க அடிக்கப் பிடி உள்ளே இறங்கி இறுகும். இடைவெளி இல்லாவிட்டால் தோள் விளிம்பில் முட்டி அங்கேயே சிதறும்.