பழைய வேனில் ஐந்து பேர்: ஏற்காடு, வாழப்பாடி, கருமந்துறை மூன்று நாள் போதுமா?

அம்மாபேட்டை வேன்காரன்:
வணக்கம். நாங்கள் ஒரே பள்ளியில் படித்த ஐந்து பேர். ஆளுக்கொரு பங்கு போட்டு ஒரு பழைய டெம்போ டிராவலர் வாங்கி, பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு மெத்தை, ஒற்றை அடுப்பு, 60 லிட்டர் தண்ணீர் டிரம் எல்லாம் வைத்திருக்கிறோம். சேலம் அடிவாரம் வழியாக ஏற்காடு ஏறி, குப்பனூர் பக்கம் இறங்கி, அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி, பேளூர், கல்வராயன் மலையில் இருக்கும் கருமந்துறை பார்த்துவிட்டு ஆத்தூர் வழியாகத் திரும்ப வேண்டும். ஓட்டப்போவது நான்தான். மலையில் கார் மட்டுமே ஓட்டியிருக்கிறேன். குப்பனூர் இறக்கம் வேனுக்கு ஒத்துவருமா? இரவு எங்கே நிறுத்தலாம்? ஒருத்தன் இப்போதே "பேசாம லாட்ஜ் போட்டுடலாம்டா" என்று ஆரம்பித்துவிட்டான்.

பழைய ஸ்டியரிங்:
தம்பி, சேலத்தில் 22 வருஷம் டூரிஸ்ட் வேன் ஓட்டியவன் நான். இறக்கத்தை முதலில் பேசிவிடுவோம். ஏற்றத்தில் வண்டி திணறினால் பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான், அவ்வளவுதான்.

ஓட்ட ஆரம்பித்த புதிதில், டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஏற்காட்டிலிருந்து நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்தேன். அடிவாரம் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. பாதி தாண்டுவதற்குள் தேங்காய்நார் கருகுகிற மாதிரி வாடை. பெடலை மிதித்தால் பஞ்சு மிதித்தது போல உள்ளே போகிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியரைத் திணித்து, மலைப்பக்கச் சுவரோரம் உரசி நிறுத்தினேன். பின்சீட்டில் இருந்த பாட்டி, "வந்துட்டமா சாமி?" என்று கேட்டார். கிளீனர் பையன் சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற ஓடினான், கத்தி நிறுத்தினேன். சூடேறிய பிரேக் டிரம்மில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

அதனால், ஏறுகிற கியரிலேயே இறங்கு. இரண்டாவது, தேவைப்பட்டால் முதல். எக்காரணம் கொண்டும் இன்ஜினை அணைக்காதே. அணைத்தால் பிரேக்கை மிதிக்க உதவுகிற வேக்கூம் (வெற்றிடம்) கிடைக்காது, பெடல் கல்லாகிவிடும். எதிரே ஏறிவருகிற வண்டிக்கு வழி விடு. வேன் காரை விட நீளம், வளைவில் பின்சக்கரம் உள்பக்கம் வெட்டும். அகலமாக எடுத்துத் திருப்பு. குப்பனூர் பாதை குறுகல், மழை பெய்தால் மண் சரியும். முதல் தடவைக்கு வந்த வழியே இறங்கிவிடு என்பேன். வாழப்பாடி போக ஒன்றும் பெரிய சுற்று கிடையாது.

அப்புறம் அந்தத் தண்ணீர் டிரம். 60 லிட்டர் என்றால் 60 கிலோ. கீழே நிரப்பி மலைக்குச் சுமக்காதே, மேலே போய்ப் பிடித்துக்கொள். இறங்கும் முன் கொட்டிவிடு. இரவு குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அடுப்பு பற்றவைக்கிற யோசனை இருந்தால், லாட்ஜ் கேட்கிற அந்தத் தம்பி சொல்வதையே கேளுங்கள்.

நாகலூர் காபிக்கொட்டை:
அண்ணா சொன்னதெல்லாம் சரி. நான் சொல்ல வேண்டியது ஏற்காட்டு ராத்திரியைப் பற்றி. காலி இடம் மாதிரி தெரிகிற இடமெல்லாம் பெரும்பாலும் யாரோ ஒருத்தரின் எஸ்டேட். சில்வர் ஓக் மர நிழல் என்று ஆசைப்பட்டு அடியில் நிறுத்தாதீர்கள், காற்றடித்தால் கிளை ஒடிந்து விழும். காட்டெருமையும் நடமாடும். பாத்ரூமுக்கு என்று டார்ச் அடித்துக்கொண்டு இறங்கினால் எதிரே நிற்கும். ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்களிடம் ஒரு தொகை பேசி வாசலில் நிறுத்துங்கள், கழிப்பறையும் கிடைக்கும். சனி, ஞாயிறு வேண்டாம், ஏரி பக்கம் வண்டி நகராது. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா சமயமும் அப்படித்தான். காபிப் பழம் பறிப்பைப் பார்க்க வேண்டுமென்றால் டிசம்பரில் வாருங்கள். குளிருக்கு நான் பொறுப்பில்லை.

ஆத்தூர் கிழங்கு:
எங்கள் பக்கம் வரும்போது ஒரு விஷயம். சாலையோரம் பெரிய சிமெண்ட் களம் காலியாகக் கிடக்கும். பார்த்தால் உங்களுக்காகவே போட்ட மாதிரி இருக்கும். நாங்களும் ஒருமுறை அப்படி நினைத்து நிறுத்தித் தூங்கினோம். விடிந்ததும் துடைப்பமும் கூடையுமாக ஏழெட்டு அக்காமார் சுற்றி நிற்கிறார்கள். அது சேகோ பேக்டரி களம், ஜவ்வரிசி காயவைக்கிற இடம். இன்ஜினிலிருந்து கருப்பாய் ஒரு கை அகலத்துக்கு ஆயில் சொட்டியிருந்தது. சோப்புப் பொடி வாங்கிவந்து நாங்களே தேய்த்துக் கழுவினோம். சும்மா சொல்லக்கூடாது, கழுவி முடித்ததும் அந்த அக்காமாரே வேகவைத்த குச்சிக்கிழங்கும் மிளகாய்ச் சட்னியும் கொடுத்தார்கள்.

பெட்ரோல் பங்கில் கேட்டு, அங்கேயே டீசல் போட்டு நிறுத்துங்கள். விளக்கு இருக்கும், ஆள் இருப்பார். பேளூரில் தான்தோன்றீஸ்வரர் கோயிலை விட்டுவிடாதீர்கள், வசிஷ்ட நதிக்கரையில் இருக்கிறது. கருமந்துறையை அரை நாளில் முடிக்க நினைத்தால் போகவே வேண்டாம்.

அம்மாபேட்டை வேன்காரன்:
எல்லோருக்கும் நன்றி. கருமந்துறையை இந்த முறை விட்டுவிட்டோம். அடிவாரம் வழியே ஏறி அதே வழியில் இறக்கம், செவ்வாய்க்கிழமை கிளம்புகிறோம். நேற்று பிரேக்கைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், லைனிங் (பிரேக்கில் உரசிப் பிடிக்கிற பட்டை) தேய்ந்து, அதைப் பிடித்திருக்கிற ரிவெட் வரைக்கும் வந்துவிட்டது என்று கையில் எடுத்துக் காட்டினார். லாட்ஜ் கேட்டவன் பக்கத்தில்தான் நின்றான். ஒன்றும் பேசவில்லை, போனை எடுத்துப் படம் பிடித்து எங்கள் குரூப்பில் போட்டுவிட்டான்.